பதினைந்து விநாடி பிரேக்

எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் ஒரு கேடயம் இருக்கிறது. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், தட்டினால் பிளாஸ்டிக் சத்தம் வரும். ‘புகாரே இல்லாத கிளை’ என்று பொன்னெழுத்தில் போட்டு, கீழே என் பெயரையும் போட்டு, நான் ரிட்டயர் ஆன அன்று கம்பெனிக்காரர்கள் சால்வையோடு கொடுத்தது. மூன்றாம் மாதமே ஒரு மூலை உடைந்து விழுந்துவிட்டது. எங்கள் கம்பெனிச் சாமான்தானே, வேறெப்படி இருக்கும்!

போன மாதம் பிரவீன் போன் பண்ணினார். எனக்குப் பிறகு சர்வீஸ் சென்டரில் என் நாற்காலியில் உட்கார்ந்தவர்.

“சார், நம்ம தாம்பரம் சென்டர மூடறாங்க சார். இனிமே எல்லாம் ஆப்தான். கஸ்டமர் போன்லயே கம்ப்ளெயின்ட் போட்டா ஒரு லேடி வாய்ஸ் பதில் சொல்லும். அதையொட்டி ஒரு மலர் போடறாங்க. உங்க எக்ஸ்பீரியன்ஸ ஒரு பக்கம் எழுதிக் குடுங்க சார். கொஞ்சம் பாசிட்டிவா.”

“இருபத்தாறு வருஷம் செயின் சா ரிப்பேர் பாத்தவன்கிட்ட பாசிட்டிவா கேக்குறியேப்பா” என்றேன்.

“ஒரு பக்கம்தான் சார்” என்றார், பாவம்.

உட்கார்ந்தேன். பாசிட்டிவ் அரைப் பக்கத்துக்குக் கூட வரவில்லை. மற்றது வந்தது. மலரில் போட மாட்டார்கள், எனக்குத் தெரியும். இருந்தாலும் பேனாவை எடுத்தாகிவிட்டது.

நான் டிப்ளமோ முடித்தவன். குரோம்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டில் மரம் அறுக்கும் மெஷின் விற்கிற கடையின் சர்வீஸ் பிரிவுக்கு வந்தேன். கம்பெனி மூன்று நாள் டிரெய்னிங் கொடுத்தது. அதில் இரண்டரை நாள் கஸ்டமரைப் பார்த்து எப்படிச் சிரிப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். மீதி அரை நாள் கார்புரேட்டர். அன்று மதியம் பிரியாணி போட்டுவிட்டதால் சொல்லிக் கொடுக்க வந்தவரே தூங்கிவிட்டார். மெஷினைப் பற்றி நான் கற்றதெல்லாம் மெஷின்களிடம்தான். எங்கள் மெஷின் அடிக்கடி படுத்துக்கொள்ளும் என்பதால் சீக்கிரமே கற்றுக்கொண்டேன்.

எனக்கு மேலே வரதன் சார். சர்வீஸ் மேனேஜர். நெற்றியில் சந்தனம், வெள்ளை அரைக்கை சட்டை, அதில் இருபத்தாறு வருஷத்தில் ஒரு சொட்டு கிரீஸ் பட்டு நான் பார்த்ததில்லை. படாததற்குக் காரணம், அவர் மெஷினைத் தொடவே மாட்டார். மோந்துதான் பார்ப்பார்.

இந்த மெஷினுக்குப் பெட்ரோலில் லிட்டருக்கு நாற்பது மில்லி ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். கூடினால் புகை, குறைந்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். கஸ்டமர் மெஷினைக் கவுண்டரில் வைத்ததும் வரதன் சார் எழுந்து வருவார். டேங்க் மூடியைத் திறக்கச் சொல்லுவார். பாக்கெட்டிலிருந்து மடித்த கைக்குட்டையை எடுத்து, ஒரு முனையை உள்ளே விட்டு நனைத்து, மூக்குக்கு இரண்டு விரற்கடை தள்ளிப் பிடித்து, கண்ணை மூடுவார். கடையே அமைதியாகிவிடும். பிறகு கண்ணைத் திறந்து, துக்க வீட்டில் பேசுகிற குரலில் சொல்லுவார்: “மிக்ஸிங் சரியில்ல.”

செயின் அறுந்தாலும் மிக்ஸிங். கைப்பிடி உடைந்தாலும் மிக்ஸிங். ஸ்டார்ட் பண்ணும் கயிறு கையோடு வந்துவிட்டாலும் மிக்ஸிங். மிக்ஸிங் கஸ்டமர் தப்பு. கஸ்டமர் தப்புக்கு வாரண்டி கிடையாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் கடையில் பார்க்க வந்தவனே கோணல்.

ஒரு தடவை மேடவாக்கத்திலிருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வந்தார். அவர் கொண்டு வந்தது கரண்டில் ஓடுகிற செயின் சா. அதிலும் ஒரு டேங்க் உண்டு, செயினுக்கு ஆயில் போவதற்கு. வரதன் சார் அதைத் திறந்தார், நனைத்தார், கண்ணை மூடினார்.

“மிக்ஸிங் சரியில்ல சார்.”

வாத்தியார் கையிலிருந்த பிளக்கைத் தூக்கிக் காட்டினார். “இது கரண்ட்ல ஓடற மெஷின் சார்.”

நான் வரதன் சார் முகத்தைப் பார்த்தேன். இன்றைக்காவது மாட்டினார் என்று எனக்கு உள்ளுக்குள் அத்தனை சந்தோஷம். அவர் இமைக்கவில்லை. கைக்குட்டையை நான்காக மடித்துப் பாக்கெட்டில் வைத்தபடி, “அப்ப உங்க ஏரியா கரண்ட்ல ப்ராப்ளம் சார். கரண்ட் ஆபீஸ்ல ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க” என்றார். வாத்தியார் லெட்டர் வாங்கப் போனார். திரும்பி வரவில்லை.

கேக்குறவன் கேனயனா இருந்தா எருமை மாடு ஏரோப்ளேன் ஓட்டும் என்பார்கள். எங்கள் கடையில் ஓட்டுவதோடு நிற்காது, டிக்கெட்டும் கிழிக்கும்.

இனி டெஸ்ட் செய்யும் முறையைச் சொல்ல வேண்டும். கதையே அதில்தான் இருக்கிறது.

எங்கள் கடைக்கு மேல் மாடியில் ஒரு பல் டாக்டர். நல்ல மனுஷன். ஆனால் அவரிடம் வருகிறவர்கள் ஏற்கெனவே பயந்துபோய்க் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரம் பார்த்து நாங்கள் கீழே செயின் சாவை முறுக்கினால் என்ன ஆகும்? ‘ர்ர்ர்’ என்றதும் இரண்டு பேர் படியிறங்கி ஓடிவிடுவார்கள். ஒரு தடவை ஒரு பெரியவர் கழுத்தில் கட்டிய பச்சைத் துணியோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டார். டாக்டர் வந்து கட்டட முதலாளியிடம் முறையிட, முதலாளி வரதன் சாரிடம் சொல்ல, சட்டம் பிறந்தது: எந்த மெஷினையும் பதினைந்து விநாடிக்கு மேல் ஓட்டக் கூடாது. சுவரில் எழுதியே ஒட்டினோம். பதினைந்து விநாடி ஓடினால் சர்வீஸ் கார்டில் ‘டெஸ்டட் ஓகே’ என்று ரப்பர் ஸ்டாம்ப். கீழே என் கையெழுத்து. மஞ்சள் காப்பி கஸ்டமருக்கு.

பதினைந்து விநாடியில் கெட்டுப்போகிற மெஷினை எந்தக் கம்பெனியாலும் செய்ய முடியாது. எங்கள் கம்பெனியால்கூட முடியாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பெருங்களத்தூர் ஸ்டெல்லா வந்தார்.

ஸ்டெல்லா மரம் வெட்டும் கான்ட்ராக்ட் எடுப்பவர். கரண்ட் கம்பியில் இடிக்கிற கிளை, புது அபார்ட்மென்ட் எழும்புகிற மனையில் நிற்கிற மரம், மதிலைப் பிளக்கிற வேர் எல்லாம் அவரிடம்தான் வரும். ஒரு குட்டி யானை வண்டி, கயிறு, ஏணி, மூன்று நாலு ஆள். ஸ்டெல்லா கீழே நின்று கயிற்றைப் பிடிப்பார். மெஷினோடு மேலே ஏறுவது அவர் தம்பி டேவிட். எங்கள் கம்பெனி அப்போது புதிதாக இறக்கிய மாடலை அவர் வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

“சார், பிரேக்கு நிக்கல” என்றார்.

செயின் சாவின் முன்கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்கும். மெஷின் மரத்தில் சிக்கி ஆள் பக்கம் உதைத்துத் திரும்பும்போது கை பட்டு அந்தத் தடுப்பு முன்னே சாயும். சாய்ந்த நொடியே செயின் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால், முழு வேகத்தில் ஓடுகிற பல் உடம்புக்கு வரும். மற்ற எந்தக் கோளாறும் வேலையைக் கெடுக்கும். இது ஆளைக் கெடுக்கும்.

நான் ஸ்டார்ட் பண்ணி, முறுக்கி, தடுப்பைத் தள்ளினேன். டக்கென்று நின்றது.

“நிக்குதேம்மா.”

“காலைல நிக்கும் சார். ஒரு கால் மணி நேரம் அறுத்து மெஷின் சூடாச்சுன்னா, தள்ளினாலும் செயின் பாட்டுக்கு ஓடிக்கினே கீது. டேவிட்டு மரத்து மேல ஒத்தக் கால்ல நிக்கிறான் சார். சூடு பண்ணிப் பாருங்க.”

“இங்க பதினஞ்சு செகண்டுக்கு மேல ஓட்ட முடியாதும்மா.”

“ஏன்?”

நான் விரலை மேலே காட்டினேன். அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“மேல இன்னா, சாமியா?”

“பல் டாக்டர்.”

ஸ்டெல்லா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஸ்டாம்ப் அடித்து மஞ்சள் காப்பியைக் கொடுத்தேன். போய்விட்டார்.

நாலு நாளில் மறுபடி வந்தார். இந்தத் தடவை வரதன் சார் எழுந்து வந்துவிட்டார். கைக்குட்டை, டேங்க், கண்.

“மிக்ஸிங் சரியில்லம்மா.”

“மிக்ஸிங்குக்கும் பிரேக்குக்கும் இன்னா சார் சம்பந்தம்?”

“எல்லாத்துக்கும் சம்பந்தம் இருக்கும்மா. இது நம்ம பாடியில பிளட் மாதிரி.”

“எங்க பிளட்டு நல்லாத்தான் சார் கீது. இப்பதான் கொதிச்சிகினு கீது” என்றார் ஸ்டெல்லா.

எனக்குச் சிரிப்பு வந்தது. குனிந்து ஸ்பானரைத் தேடுகிற மாதிரி பாவனை செய்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பு கசக்கிறது. ஏனென்றால் அதே வாரத்தில் படப்பையிலிருந்து ஒரு மரக்கடைக்காரர் அதே மாடலை, அதே குறையைச் சொல்லிக் கொண்டு வந்திருந்தார். அதற்கு முன் இன்னொருவர். மூன்று பேர் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள்: சூடானால் நிற்பதில்லை. பிரேக்கின் உள்ளே உருளையைச் சுற்றிப் பிடிக்கிற இரும்புப் பட்டை மெலிசாக இருப்பதைக் கழற்றியபோது நானே பார்த்தேன். விரலால் அழுத்தியும் பார்த்தேன். தெரிந்தது. தெரியவில்லை என்று இங்கே எழுதினால் அது பொய்.

மூன்றாம் தடவை வந்தபோது ஸ்டெல்லா சண்டை போடவில்லை. பழைய மஞ்சள் காப்பியை எடுத்து நீட்டினார்.

“சரி சார். நீங்க படிச்சவங்க. பிரேக்கு நல்லா கீதுன்னு அந்தக் கார்டுல கையால எழுதிக் குடுங்க. ஸ்டாம்பு வேணாம். என் தம்பிய மேல ஏத்தணும். மனசு கேக்கல.”

வரதன் சார் பக்கத்தில் நின்றார். எனக்கு வாங்கி வைத்த டீ ஆறிக்கொண்டிருந்தது. ‘பிரேக் நன்றாக உள்ளது. டெஸ்டட் ஓகே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரோட்டுக்கு எதிரே காலி மனை ஒன்று இருந்தது. அங்கே கொண்டுபோய்க் கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்திருக்கலாம். போகாதே என்று யாரும் என்னைத் தடுக்கவில்லை. நான் போகவில்லை, அவ்வளவுதான். டீயைக் குடித்தேன்.

ஒன்பதாம் நாள் சேலையூரில் ஒரு வீட்டு மாமரம். மதியத்துக்கு மேல், மெஷின் நன்றாகச் சூடேறியிருந்த நேரம், கிளை இறுகிப் பிடித்து மெஷின் உதைத்தது. டேவிட் கை பட்டுத் தடுப்பு சாய்ந்தது. செயின் நிற்கவில்லை. இடது முட்டிக்கு மேலே. இடுப்பில் கயிறு கட்டியிருந்ததால் கீழே விழவில்லை. கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் அக்கா. தம்பியை அந்தக் கோலத்தில் மெதுமெதுவாக இறக்கியதும் அவர்தான்.

அடுத்த வாரம் குட்டி யானை எங்கள் கடை வாசலில் வந்து நின்றது. ஸ்டெல்லா இறங்கினார். இரண்டு ஆட்கள் ஒரு முழுப் புளியங்கட்டையை இறக்கி வாசலில் போட்டார்கள். அவர் மெஷினை என் கையில் கொடுத்தார்.

“அறுங்க சார்.”

“ஸ்டெல்லாம்மா, மேல டாக்டர்…”

“இறங்கி வரட்டும். எந்தம்பிக்கு முட்டியில தையல் போட்டவரும் டாக்டர்தான்.”

அறுத்தேன். புளியங்கட்டை லேசில் அறுபடாது. அஞ்சு நிமிஷம். சட்டையெல்லாம் தூள். மாடிப்படியில் ஒவ்வொருவராகக் கன்னத்தைப் பிடித்தபடி இறங்கி வந்து நின்றார்கள். பத்து நிமிஷம். டாக்டரே மாஸ்க்கோடு வந்துவிட்டார். சத்தம் போட வந்தவர், ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் படியோரம் ஒதுங்கினார். கைப்பிடி வழியாகச் சூடு என் உள்ளங்கைக்கு ஏறியது. கால் மணி நேரம் ஆனதும் ஸ்டெல்லா சொன்னார்: “இப்ப முறுக்கித் தள்ளுங்க.”

தள்ளினேன். தடுப்பு சாய்ந்தது. செயின் ஓடியது. இழுத்துவிட்டு மறுபடி தள்ளினேன். ஓடியது. மூன்றாம் தடவையும் ஓடியது.

“என்ன சார், நிக்கலையே!” என்றார் பல் டாக்டர்.

என் இருபத்தாறு வருஷ சர்வீஸில் எங்கள் கடையில் ஒரு மெஷினைப் பற்றிச் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான். அதைச் சொன்னவர் பல் டாக்டர்.

எஞ்சினை அணைத்தேன். வரதன் சார் வந்தார். எல்லோரும் வழிவிட்டார்கள். அவர் பாக்கெட்டில் கையை விட்டுக் கைக்குட்டையை எடுத்து, அந்தச் சூட்டிலும் டேங்க் மூடியைத் திறக்கச் சொன்னார். யாரோ ஒரு நோயாளி, வீங்கிய கன்னத்தோடு, “அடப்பாவி!” என்றார்.

அன்று சாயங்காலம் ஹெட் ஆபீசுக்கு ரிப்போர்ட். வரதன் சார் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ‘மெஷினை இயக்கியவர் லுங்கி கட்டியிருந்தார். இயக்கியவர் தவறு.’ டேவிட் போட்டிருந்தது லுங்கி இல்லை, ஜீன்ஸ் என்று ஸ்டெல்லா சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். “அங்க நின்னு நீ பாத்தியா?” என்றார். நான் பார்க்கவில்லை. எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: சம்பவத்தன்று அறுக்கப்பட்டது எந்த மரம் என்று தெரிவிக்கவும், எங்கள் மெஷின்கள் குளிர்ப்பிரதேச ஊசியிலை மரங்களில் சோதிக்கப்பட்டவை, மாமரத்துக்கு வாரண்டி பொருந்துமா என்பது பரிசீலனையில் உள்ளது. இன்றுவரை பரிசீலனையில்தான் இருக்கிறது.

இயக்கியவர் தவறு என்று எழுதினால் அது புகார்க் கணக்கில் ஏறாது. இதுதான் அந்தக் கேடயத்தின் ரகசியம். எங்கள் கிளையில் புகாரே வரவில்லை, தப்பான மனிதர்கள்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

ஆறு மாதம் கழித்து, புது மெஷின்களில் பிரேக் பட்டை தடிமனாக வந்தது. கூடவே ஒரு சுற்றறிக்கை: பழைய கஸ்டமர்களுக்குத் தாமாகத் தெரிவிக்க வேண்டாம். நான் ஒன்று செய்தேன். அந்த மாடல் எந்தக் காரணத்துக்காக ரிப்பேருக்கு வந்தாலும், யாரிடமும் சொல்லாமல் பட்டையை மாற்றிவிட்டேன். நல்ல காரியம்தான், ஆனால் திருடன் மாதிரி, வரதன் சார் சாப்பிடப் போகிற நேரம் பார்த்துச் செய்தேன். படப்பைக்காரர் மெஷினுக்கு மாற்றினேன். இன்னும் சிலருக்கு மாற்றினேன். ஸ்டெல்லா வரவே இல்லை. பெருங்களத்தூர் எவ்வளவு தூரம்? மூன்று கிலோமீட்டர். நானும் போகவில்லை. வெட்கமாக இருந்தது.

இதுவரை எழுதி வைத்திருந்தேன். போன வாரம் அடித்த காற்றில் அஸ்தினாபுரத்தில் எங்கள் தெரு வேப்பமரம் பாதியாகப் பிளந்து என் வீட்டு கேட் மேல் விழுந்தது. மீதிப் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. என்னிடம் எங்கள் கம்பெனி மெஷின் ஒன்று இருக்கிறது. இழுத்து இழுத்துத் தோள்பட்டை போனதுதான் மிச்சம். பிரவீன் சொன்ன ஆப் ஞாபகம் வந்தது. போட்டேன். அந்தப் பெண் குரல் தேன் மாதிரி கேட்டது: “வணக்கம். எரிபொருள் கலவையைச் சரிபார்த்தீர்களா?” வரதன் சார் சாகவில்லை, போனுக்குள் குடியேறிவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கோ சொல்லிவிட்டார். ஒரு மணி நேரத்தில் குட்டி யானை வந்தது. இறங்கியது ஸ்டெல்லா. முடி நரைத்திருந்தது. பின்னாலேயே டேவிட், இடது காலை லேசாக இழுத்தபடி. இப்போது அவர் மரம் ஏறுவதில்லை, கீழே கயிறு பிடிக்கிறார். மேலே ஏறப் புதிதாகச் சேர்ந்த ஓர் ஆள், நாற்பது வயதிருக்கும்.

“மெக்கானிக் சார்!” என்றார் ஸ்டெல்லா. “உங்க வூடா இது?”

தலையாட்டினேன். பிறகு டேவிட்டிடம் போனேன். எத்தனையோ வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தை, வாயில் வர அத்தனை நேரம் ஆனது. “மன்னிச்சிருப்பா. அன்னிக்கு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எழுதினேன்.”

டேவிட் மரத்தை அண்ணாந்து பார்த்தார். “தள்ளி நில்லுங்க சார். கிளை தொங்கிக்கினு கீது, தலையில வுழும்” என்றார்.

ஸ்டெல்லா மெஷின் பெட்டியைத் திறந்தார். வேறு கம்பெனி மெஷின். அதற்கு மேலே, பிளாஸ்டிக் ஒட்டிக் கயிறு கோத்த ஒரு மஞ்சள் அட்டை. கிட்டே போய்ப் பார்த்தேன். என் எழுத்து. என் கையெழுத்து.

அவர் புது ஆளைக் கூப்பிட்டு அட்டையைக் காட்டினார்.

“இன்னாக்கா எழுதிக்கீது?”

“பிரேக்கு நல்லா கீதுன்னு எழுதிக்கீது. அதனாலதான் நாம டெய்லி பாக்குறோம். மேல போறதுக்கு முன்ன, கீழ கால் மணி நேரம் அறு. சூடானதும் தள்ளு. உங்கண்ணு முன்னால நின்னாத்தான் ஏறணும். எவன் எழுதிக் குடுத்தாலும் ஏறாத.”

கேட் மேல் விழுந்த கிளையை அந்தப் புது ஆள் கால் மணி நேரம் அறுத்தார். தள்ளினார். டக்கென்று நின்றது. மூன்று தடவை தள்ளிப் பார்த்துவிட்டு மரத்தில் ஏறினார்.

வேலை முடிந்து அவர்கள் கயிற்றைச் சுருட்டும்போது நான் ஸ்டெல்லாவிடம் கேட்டேன். “அந்தக் கார்ட எங்கிட்டக் குடுத்துடும்மா. கிழிச்சுப் போட்டுடறேன். பாக்க முடியல.”

ஸ்டெல்லா அட்டையைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

“வேணாம் சார். அது இருக்கறதாலதான் டேவிட்டுக்கு அப்புறம் எங்க ஆளு ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆவல.”